வக்கீல் ஏன் "இந்தக் கேஸ் வேண்டாம்" என்கிறார்?



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு வருபவர்களுக்கு அடுத்தபடியாக, வழக்கு விவகாரங்களோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கேட்பது பண உதவி அல்ல. "அந்த வக்கீல் நம்ம கேஸை எடுக்கமாட்டேன்னுட்டார் பாய். நீங்க ஒரு போன் போட்டுச் சொன்னா எடுத்துக்குவார்" என்பதுதான் கோரிக்கை. வக்கீல் மறுத்ததை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எதிராளி அவரை விலைக்கு வாங்கிவிட்டான் என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. நாம் முஸ்லிம் என்பதால் மறுத்தார் என்று மனம் நொந்து வருபவர்களும் உண்டு. அப்படி எங்கும் நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பத்தாரோடு வக்கீல் அலுவலகங்களின் படியேறி இறங்கிய பழக்கத்தில் நான் பார்த்தவரை, பெரும்பாலான மறுப்புகளுக்குக் காரணம் வேறு. அந்தக் காரணங்கள் தெரியாததால் நம் குடும்பங்கள் காலத்தையும் பணத்தையும் இழக்கின்றன. சில நேரம் உரிமையையே இழந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி அமைந்த இந்திய பார் கவுன்சில், வக்கீல்களுக்கான நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. அவற்றின்படி, தான் தொழில் செய்யும் நீதிமன்றத்தில், தன் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணம் கிடைக்குமானால், வரும் வழக்கை ஏற்றுக்கொள்ள வக்கீல் கடமைப்பட்டவர். மறுக்க வேண்டுமானால் அதற்குத் தனிப்பட்ட சூழ்நிலை இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்று வக்கீலே மனதில் நினைத்தாலும், அந்தக் காரணத்துக்காக அவருக்காக வாதாடாமல் இருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. தகுந்த ஆதாரமின்றி யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட விதியும் அல்ல. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவல்துறைக்கும் ஏற்பட்ட ஒரு மோதலை அடுத்து, சம்பந்தப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்றது. எவ்வளவு வெறுக்கப்பட்டவராக இருந்தாலும் தனக்காக வாதாட ஒருவரைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னது. அந்த வழக்கில் காவலர்களுக்குப் பயன்பட்ட அதே தீர்ப்பு, குற்றச்சாட்டின் பெயரைக் கேட்டதுமே "நம் பிள்ளைக்கு இனி எந்த வக்கீல் வருவார்" என்று இடிந்துபோகும் தாய்மாருக்கும் பயன்படும். கைதானவர் தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு நேரடியாகவே தருகிறது.

அப்படியிருக்க, ஒரு சட்ட அலுவலகத்தை நடத்துபவர் எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்? நாலைந்து ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, வாடகைக் கட்டடம் என்று இருக்கும் ஒரு மாவட்டத் தலைநகர அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் புதிதாக வந்திருப்பவர்களைப் பார்த்து அவர் முதலில் கேட்பது "நியாயம் யார் பக்கம்" என்றல்ல. "நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?" என்றுதான்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதாக இருக்கத் தேவையில்லை. நிக்காஹ் மஜ்லிஸில் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரப் போகிறார்கள் அல்லவா? பெண் சம்மதம் தராமல் அந்த வக்கீல் வெளியே வந்து அவள் சார்பில் ஒரு வார்த்தை பேச முடியாது. கோர்ட்டு வக்கீலின் நிலையும் அதுதான். கட்சிக்காரர் கையெழுத்திடும் வக்காலத்துத்தான் அவருடைய அதிகாரம். (தாவா, வாய்தா, ஜாமீன், ராஜி, அசல், நகல், வாரிசு என்று கோர்ட்டு வளாகத்தில் புழங்கும் சொற்களில் பல அரபி, பார்சியிலிருந்து வந்தவை. மதரஸாவில் ஓதிய சொற்களை முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது.)

நம்மவர்கள் வழக்குக்குப் போகும் விதம் இதற்கு நேர்மாறு. ஜீவனாம்சம் கேட்க வேண்டியவள் தங்கை. வக்கீலிடம் போவது அண்ணன், மாமா, ஜமாஅத் பெரியவர் இருவர், கூட எதிர்வீட்டுக்காரர். தங்கை வீட்டில் இருக்கிறாள். அல்லது வந்தும் வாசலில் நிற்கிறாள். விவரம் தெரிந்த வக்கீல் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார். "அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும்" என்பார். அவள் வந்ததும் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வார். அண்ணனுக்குக் கோபம் வரும். ஆனால் அண்ணன் கேட்பது மாப்பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்புவதாகவும், அவள் கேட்பது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும் இருந்தால், அந்த வழக்கு யாருடையது? அது தெரியாமல் வழக்கை எடுத்தால் நடுவழியில் அவள் "எனக்கு வேண்டாம்" என்பாள், எல்லாம் சிதறிப்போகும்.

தனியே பேசுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தொழில் முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவர் அனுமதியின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு. வழக்கு முடிந்த பிறகும் அது தொடரும். அந்தப் பாதுகாப்பு வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ளது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட ரகசியத்தை அந்த எட்டுப் பேரிடமிருந்து எந்தச் சட்டம் காப்பாற்றும்? ஒரு விதிவிலக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் செய்யப்போகும் ஒரு குற்றத்துக்காகவோ மோசடிக்காகவோ ஆலோசனை கேட்டால் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு கிடையாது. "பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் எழுதிக்கலாமா சார்?" என்று கேட்ட மறுநிமிடம் வக்கீல் எழுந்துகொண்டால், அதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து அவர் பார்ப்பது, எதிர்த்தரப்பு யார் என்பதை. பெயரைக் கேட்டதும் குமாஸ்தாவிடம் பழைய பதிவேட்டைப் பார்க்கச் சொல்வார். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ, மனு எழுதிக் கொடுத்தவரோ, அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்காக ஆஜராகக் கூடாது. தானே சாட்சியாக நிற்க நேரிடும் என்று தெரிந்தால் அந்த வழக்கையும் எடுக்கக் கூடாது. "அத்தா காலத்திலிருந்து நம்ம குடும்ப வக்கீல், எனக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டார்" என்று மகள் அழுவாள். ஆனால் அத்தா எழுதிய பத்திரத்தை அந்த வக்கீல்தான் தயாரித்திருப்பார். அல்லது போன மாதமே மகன் வந்து ஆலோசனை கேட்டுப் போயிருப்பான். அதை அவளிடம் அவர் சொல்லவும் முடியாது, அது மகனுடைய ரகசியம். காரணம் சொல்லாமல் "வேற யாரையாவது பாரும்மா" என்பதே அந்த நேரத்தில் அவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம்.

இனி, எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களை அதிகம் பாதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது காலக்கெடு.

வக்கீல் ஆபீசில் உட்கார்ந்ததும் "எப்ப நடந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நாம் "ரொம்ப நாளாச்சு சார், நம்பி விட்டோம்" என்போம். நம்பி விட்டது கோர்ட்டில் கணக்கில் வராது. கைமாற்றுக் கொடுத்த பணத்துக்கும் புரோ நோட்டுக்கும் 3 ஆண்டு. இடையில் கடன்காரர் ஏதாவது வட்டியோ அசலோ கட்டி, அதை அவர் கையெழுத்தோடு நோட்டின் பின்னால் வரவு எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மீண்டும் 3 ஆண்டு. வாயால் "தர்றேன் பாய், தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கணக்கில் சேராது. செக் திரும்பி வந்தால் கெடு இன்னும் குறுகியது. பேங்க் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதுவும் கழிந்தால் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். புகார் கொடுப்பதில் தாமதம் என்றால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். அந்த 30 நாள் நோட்டீஸைத் தவறவிட்டால் செக் வழக்கே போய்விடும். சாலை விபத்து இழப்பீட்டுக்கு 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு சட்டத்தில் வந்துவிட்டது. நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு.

ஐந்து வருடத்துக்கு முந்தைய புரோ நோட்டோடு வந்தவரை நேர்மையான வக்கீல் திருப்பி அனுப்புகிறார். அவரே அடுத்த தெருவுக்குப் போகிறார். அங்கே ஒருவர் "போட்டுப் பாக்கலாம்" என்கிறார். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம், கேட்கும் தொகையில் 3 சதவீதம். 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். வக்கீல் பீஸ் தனி. கெடு தாண்டியது என்று பிராதைப் பார்த்தாலே தெரிந்தால் கோர்ட்டு அதை ஆரம்பத்திலேயே தள்ளிவிடலாம். இந்த நிலையில் மறுத்த வக்கீல் அவருக்கு எதிரியா, "போட்டுப் பாக்கலாம்" என்றவர் எதிரியா என்று வாசகர்களே சொல்லுங்கள்.

ஆனால் கெடு தாண்டிவிட்டது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடவும் கூடாது. இதற்கு நம் வீடுகளில் அதிகம் நடக்கும் ஒரு விவகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அத்தா மவுத்தாகி இருபது வருடம் ஆகிறது. வீடும் கடையும் அண்ணன் தம்பிகள் கையில். மகள்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. "இருபது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து கேட்டா கோர்ட்டு சிரிக்கும்" என்று அண்ணன் சொல்கிறார். அக்காவும் அதை நம்பிவிடுகிறாள்.

வக்கீல் இதை வேறு விதமாகப் பார்ப்பார். மரணம் நிகழ்ந்த அந்த நொடியிலேயே வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு சேர்ந்துவிடுகிறது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமையில் இதுவே நிலை. அதன் பிறகு சொத்து ஒருவர் கையில் இருந்தாலும், கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே கொள்ளப்படும். "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று அவளுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, எதிராக அனுபவிக்கத் தொடங்கிய பிறகுதான் 12 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். ஆகவே அவர் கேட்பது இருபது வருடத்தைப் பற்றியதாக இருக்காது. எப்போது முதன்முதலாக மறுத்தார்கள்? நோட்டீஸ் ஏதும் வந்ததா? ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயா? "லோன் போடணும்" என்று சொல்லி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப்போனார்களா? அந்தக் கையெழுத்து விடுதலைப் பத்திரமாக இருந்தால் வழக்கின் திசையே மாறிவிடும். அதனால்தான் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் அவர் எடுக்கிறேன் என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை.

"பட்டா அண்ணன் பேர்ல மாறிடுச்சு" என்று பலர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தீர்மானித்துவிடாது. "அத்தா எனக்கு ஹிபா கொடுத்துட்டார்" என்பது அண்ணன் தரப்பில் வழக்கமாக வரும் பதில். ஹிபா வாய்மொழியாகவும் செல்லும், உண்மைதான். கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தைக் கையில் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடந்திருக்க வேண்டும். கடைசி மூச்சுவரை அத்தாவே வாடகை வாங்கி, அத்தாவே வரி கட்டிவந்த கடையை எப்போது ஒப்படைத்தார் என்று வக்கீல் கேட்பார். வாரிசு அல்லாதவருக்கு எழுதினாலும் வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது என்பதும், ஒரு வாரிசுக்கு எழுதிவைத்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பதும் மதரஸாவில் படித்த பாடம் மட்டுமல்ல. நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு வக்கீல் "எடுக்கிறேன்" என்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. பார்க்காமலே "கவலைப்படாதேம்மா, ஆறு மாசத்துல வாங்கித் தர்றேன்" என்று சொல்பவரிடம் எனக்குப் பயம்தான். பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பு பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நிலத்தைப் பிரித்துத் தர இறுதித் தீர்ப்பு தனியாக வாங்க வேண்டும். அதற்கிடையே அப்பீல். ஆறு மாதக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது.

ஜெயித்தால் கையில் என்ன வரும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இரண்டு லட்சம் வாங்கிய ஏஜென்ட் மீது சிவில் வழக்குப் போட்டு டிகிரி வாங்கிவிடலாம். டிகிரியை நிறைவேற்றக் கோர 12 ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் அந்த ஆள் பெயரில் சொத்தும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் எதை ஜப்தி செய்வது? அத்தகைய விஷயத்தில் வக்கீல் "என்கிட்ட வேண்டாம், முதல்ல போலீஸ்ல புகார் கொடுங்க, அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு சென்னையில இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துல கேளுங்க" என்று திருப்பிவிடுவார். அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்ட இடத்திலேயே வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வெறும் கடன் தகராறை மோசடி வழக்காக்கி "அவனை உள்ள தள்ளணும் சார்" என்று வருபவர்களையும் நல்ல வக்கீல்கள் தவிர்ப்பார்கள். சிவில் விவகாரத்துக்குக் குற்றவியல் சட்டத்தை அழுத்தமாகப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. கட்சிக்காரரின் கோபம் ஆறும்போது வழக்கும் ஆறிப்போகும், வக்கீலுக்குக் கெட்ட பெயர் மிஞ்சும்.

பணம் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. அலுவலகம் நடத்துபவர் ஜூனியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு வழக்குக்கு எத்தனை வாய்தா, எத்தனை சாட்சி, எந்த ஊர்க் கோர்ட்டு என்று பார்த்துத்தான் பீஸ் சொல்வார். அது நமக்கு எட்டாததாக இருக்கலாம். பேசிப் பார்க்கலாம், தவணை கேட்கலாம், வேறு ஒருவரிடம் போகலாம். இதில் வெட்கமில்லை. ஆனால் "பீஸ் ஒண்ணும் வேண்டாம், வர்ற இழப்பீட்டுல கால் பங்கு கொடுங்க", "நிலத்துல பத்து சென்ட் எழுதிக் கொடுங்க" என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் பலனில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டவை. விபத்து வழக்குகளில் இது ஊரறிய நடக்கிறது என்பீர்கள். நடப்பதால் அது சரியாகிவிடாது. புரோக்கர் வைத்து வழக்குப் பிடிப்பதும் அப்படியே. விபத்து நடந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டுபவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று யோசியுங்கள். கடந்த ஆண்டில் மட்டும், கணவரை ஐ.சி.யூ.வில் வைத்துக்கொண்டு வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு சகோதரிகளை நான் சந்தித்தேன். எந்த வக்கீலின் பெயர் அதில் நிரப்பப்பட்டது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. வக்காலத்தில் ராஜி செய்யவும் பணம் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் தரும் வாசகங்கள் இருப்பதுண்டு. படித்துவிட்டு, பெயர் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கும் வழக்கை இன்னொருவரிடம் கொண்டுபோகும்போது அவர் தயங்குவதும் இயல்பு. முந்தைய வக்கீலின் சம்மதம் வேண்டும், கிடைக்காவிட்டால் காரணம் சொல்லிக் கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. "பீஸ் பாக்கி இருக்கு, கட்டைக் கொடுக்கமாட்டேங்கிறார்" என்ற புகாரும் நம்மிடம் வருகிறது. 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை. பாக்கியை அவர் வேறு சட்ட வழியில் கேட்கலாம். அதேபோல, ஒரு முறை எடுத்துக்கொண்ட வழக்கைத் தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் நடுவில் விடக்கூடாது. விட்டால், செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

சரி, மறுத்துவிட்டார். என்ன செய்வது? நம் அறக்கட்டளைக்குப் பல ஆண்டுகளாக ஆலோசனை தந்துவரும் மூத்த வழக்கறிஞர் ஒருவர், பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை, எழுந்து வருவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறார். "ஏன் சார் வேண்டாங்கிறீங்க?" என்பது ஒன்று. காரணம் ரகசியமாக இருந்தால் சொல்லமாட்டார், மற்றபடி சொல்வார். "இதுக்குக் கடைசித் தேதி எப்போ?" என்பது மற்றொன்று. இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கோபத்தோடு திரும்பி, அடுத்த வக்கீலைத் தேட இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். செக் வழக்கில் இரண்டு மாதம் என்றால் எல்லாம் முடிந்துபோனது என்று பொருள்.

ஒருவர் ஆதாரம் போதாது என்று மறுத்தால் இன்னொருவரிடம் கேட்பதில் தவறில்லை. வக்கீல்களுக்குள்ளும் கருத்து வேறுபடும். மூன்று பேர் ஒரே காரணத்தைச் சொன்னால் அப்போது நின்று யோசிக்கலாம். சொல்ல மறந்த விஷயம், சொல்ல விரும்பாத விஷயம் ஏதாவது இருந்தால் அடுத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்த பத்திரத்தை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டும்போது நம் வக்கீலுக்கும் அது புதிதாக இருந்தால், அந்த வழக்கை யாராலும் தூக்கி நிறுத்த முடியாது.

பீஸ் கொடுக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவியை ஏன் இன்னும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தாலும் மனைவிக்கு இந்த உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. தொலைபேசி எண் 15100. கோர்ட்டுக் கட்டணம் உள்பட அவர்களே ஏற்பார்கள். "இலவச வக்கீல் சரியா நடத்தமாட்டார்" என்ற பேச்சு உண்டு. எல்லா இடத்திலும் இருப்பதுபோல அங்கும் நல்லவர், சுமாரானவர் இருக்கிறார்கள். திருப்தியில்லை என்றால் அங்கேயே எழுத்துமூலம் சொல்லி மாற்றிக் கேட்கலாம். பேசி முடிக்கக்கூடிய விவகாரமாக இருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். நிலுவையில் உள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அறக்கட்டளை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு, வக்கீலிடம் போகும் முன் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்க இன்ஷா அல்லாஹ் நானும் இரண்டு இளைஞர்களும் இருப்போம். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள். சகோதரிகள் தங்கள் விவகாரத்துக்குத் தாங்களே வரலாம், தனியாக உட்கார்ந்து பேச உள்ளறை இருக்கிறது. அசல் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும்.